பி.எஸ்ஸி. கணிதத்துக்குப் பிறகு எம்.எஸ்ஸி. புள்ளியியல்: மதுரை வட்டார மாணவர்களுக்கு

எந்த நுழைவுத் தேர்வு, கடைசித் தேதி எப்போது என்று தேடத் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் பி.எஸ்ஸி. மதிப்பெண் பட்டியலை எடுத்து, துணைப்பாடம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கணிதம் படிப்பவர்களுக்கு நம் கல்லூரிகளில் இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல், புள்ளியியல் என்று கல்லூரிக்கு ஏற்ப அலைடு பாடங்கள் மாறும். தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் நடத்தும் பல இடங்களில் தகுதி விதி, 'பி.எஸ்ஸி. புள்ளியியல், அல்லது புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட பி.எஸ்ஸி. கணிதம்' என்கிற மாதிரி இருக்கும். அந்தச் சொல் உங்கள் பட்டியலில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இல்லையென்றாலும் உடனே மனம் தளர வேண்டாம். மூன்றாம் ஆண்டில் கணிதப் புள்ளியியலோ நிகழ்தகவோ முதன்மைப் பாடமாகவோ விருப்பப் பாடமாகவோ வந்திருக்கக்கூடும். அந்தப் பாடத்திட்டத்தின் நகலைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி, சேர விரும்பும் துறையின் தலைவருக்கு அனுப்பி, தகுதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் யாரோ 'சரி' என்று சொன்னது சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் உதவாது.

இதைப் படிப்பவர் இன்னும் முதலாம் ஆண்டில் இருந்தால், தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ள கல்லூரியில் இருந்தால், துணைப்பாடமாகப் புள்ளியியலையே எடுத்துக்கொள்ளட்டும். வேதியியல் செய்முறையில் மதிப்பெண் சுலபமாக விழும் என்று சீனியர்கள் சொல்வார்கள். விழட்டும்.

அடுத்தது, இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டுமா என்ற கேள்வி. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் கணிதம் முடித்த பிள்ளைக்கு வீட்டில் வகுத்து வைத்திருக்கும் பாதை ஒன்றுதான்: எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம். பெண்பிள்ளைகளிடம் இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படும். பள்ளியில் கணித ஆசிரியராக வேண்டும் என்பது உங்கள் சொந்த விருப்பமாகவே இருந்தால் அந்த வழியிலேயே போங்கள். புள்ளியியல் முதுகலையை வாங்கிக்கொண்டு கணித ஆசிரியர் பணிக்குச் சமானச் சான்று தேடி அலைவது வீண் வேலை. 'டேட்டா சயின்ஸ்' என்ற பெயரின் பளபளப்புக்காக மட்டும் வருகிறவர்களும் ஏமாந்து போவார்கள். முதல் இரண்டு பருவங்களில் கணினியைவிடக் காகிதமும் பேனாவும்தான் அதிகம் செலவாகும்.

யாருக்குப் பொருந்தும் என்பதற்கு மதுரை அண்ணா நகரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவர்களிடம் ஒரு பெரிய மருந்துச் சோதனையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்தியது. வயலில் வேலை செய்யும்போது கண்ணில் நெல் தாளோ தூசியோ பட்டு வருகிற புண் இது. பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தா, பின்னால் வந்த வோரிகோனசோல் சொட்டு மருந்தா, எது மேல் என்பதுதான் கேள்வி. 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். முடிவு 2013-ல் வெளியானது: நாட்டமைசின் பெற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்துப் பார்வை மேலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் குறைவாக இருந்தது.

இதில் மருத்துவரின் வேலை எது என்று எல்லோருக்கும் தெரியும். புள்ளியியலாளரின் வேலை எது? எத்தனை பேர் இருந்தால் வித்தியாசம் புலப்படும், யாருக்கு எந்த மருந்து என்பதை யாருடைய விருப்பமும் தலையிடாமல் எப்படிப் பிரிப்பது, நடுவில் வராமல் நின்றுபோனவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது, கிடைத்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பவை எல்லாம் முதல் நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியவை. இந்தக் கேள்விகளைப் படிக்கும்போது உங்களுக்கு ஆர்வம் கிளம்பினால் தாராளமாக வாருங்கள். 'தேற்றம் எங்கே?' என்று மட்டும் தோன்றினால் கணித முதுகலை உங்களுக்காகவே காத்திருக்கிறது. கணிதத்திலிருந்து வருவது புதிய வழியும் இல்லை. புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்துவிட்டுத்தான் கல்கத்தாவில் 1943-ல் புள்ளியியல் எம்.ஏ. பெற்றார். இரண்டே ஆண்டில், 1945-ல், ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு எல்லை சொல்வதாக இன்று எம்.எஸ்ஸி. வகுப்பில் நடத்தப்படும் கிராமர்-ராவ் சமனின்மை அவரது கட்டுரையில் வந்துவிட்டது.

கணித மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார்

வகையிடல், தொகையிடல், அணிகள், தொடர்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பி.எஸ்ஸி. புள்ளியியல் முடித்து வருகிற சக மாணவர்கள் இதில் உங்களைவிடப் பின்தங்கியிருப்பார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும்: விடை வந்ததும் அது நம்பத்தக்கதா என்று தரவைத் திரும்பிப் பார்ப்பது. கணிதத்தில் நிறுவிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே நிறுவிய பிறகுதான் வேலை தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நாகமலைப் புதுக்கோட்டைக்கு ஒரு குறிப்பிட்ட பஸ் சரியாக θ நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். θ எவ்வளவு என்று தெரியாது. ஒரு மாணவி ஐந்து நாள், நேரம் பார்க்காமல் போய் நின்று, காத்திருந்த நிமிடங்களைக் குறித்து வைக்கிறாள்: 2, 3, 4, 5, 16. காத்திருக்கும் நேரம் 0 முதல் θ வரை சீரான பரவல் கொண்டது. θ-வை மதிப்பிட வேண்டும்.

முதலில் தோன்றும் வழி சராசரி. சீரான பரவலின் சராசரி θ/2. மாதிரியின் சராசரி 30/5, அதாவது 6. ஆகவே θ = 12. பாடப்புத்தக முறைப்படி இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் அவள் ஒருநாள் 16 நிமிடம் நின்றது எப்படி? விடை தரவோடு முரண்படுகிறது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால் 12 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

சரி, மேக்ஸிமம் லைக்லிஹுட் முறைக்குப் போவோம், அதாவது கிடைத்த தரவு வருவதற்கான வாய்ப்பை மிகப் பெரிதாக்கும் θ-வைத் தேடுவோம். கணித மாணவரின் கை தானாகவே வகைக்கெழு எடுத்துச் சுழிக்குச் சமப்படுத்தும். இங்கே லைக்லிஹுட் சார்பு 1/θ⁵. அதன் வகைக்கெழு எங்கும் சுழியாகாது. தீர்வு இல்லை என்று எழுதினால் அதுவும் தவறு. θ 16-க்குக் குறைவாக இருக்கவே முடியாது, ஏனென்றால் 16 என்ற காத்திருப்பு நடந்துவிட்டது. 16-லிருந்து மேலே போகப் போக 1/θ⁵ இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பெருமம் எல்லையில், θ = 16-ல் இருக்கிறது. அதுவும் முடிவல்ல. மாதிரியில் உள்ள மிகப்பெரிய எண் உண்மையான θ-வைத் தாண்டவே முடியாது என்பதால் இந்த மதிப்பீடு எப்போதும் குறைத்தே சொல்லும். 6/5 ஆல் பெருக்கினால் சராசரியாகச் சரியாக வரும்: 19.2 நிமிடம்.

12, 16, 19.2. ஒரே தரவு, மூன்று விடைகள். எதை ஏற்பது, எந்த அளவுகோலில் ஏற்பது என்பதுதான் எம்.எஸ்ஸி.யின் முதலாண்டு முழுவதும் வரும் மதிப்பீட்டுக் கோட்பாடு. அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. பெரியார் நிலையத்தில் நின்ற அனுபவம் உள்ள யாரும் 'சரியாக θ நிமிடத்துக்கு ஒருமுறை' என்ற அனுமானத்தைப் படித்தபோதே சிரித்திருப்பார்கள். கால் மணி நேரம் ஒன்றுமே வராது, பிறகு இரண்டு பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அனுமானமே தவறாக இருக்கும்போது 19.2 என்பதற்கு என்ன மதிப்பு? இந்த எரிச்சலைப் பழகிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் படித்தால் வந்துவிடும்.

சேருவதற்கு முந்தைய மாதங்கள்

தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாடு அரசின் மேல்நிலை வகுப்புகளுக்குப் புள்ளியியல் தனிப்பாடமாக உண்டு. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதப் பிரிவில் படித்த பெரும்பாலானோர் அவற்றைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மாதம் ஒதுக்கி அவற்றை முடியுங்கள். பள்ளிப் புத்தகம்தானே என்று கூச்சப்பட வேண்டாம். கூறெடுத்தல் (சாம்பிளிங்), கருதுகோள் சோதனை, காலத்தொடர் எல்லாம் எதற்காக என்பது அங்கே புரிந்துவிட்டால், பிறகு ஆங்கில நூலில் குறியீடுகளோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

அதற்குப் பின் நிகழ்தகவு. நிபந்தனை நிகழ்தகவு, பேயஸ் தேற்றம், சமவாய்ப்பு மாறிகள், எதிர்பார்ப்பு மதிப்பு, ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலை, அடுக்குக்குறிப் பரவல்கள், கூட்டுப் பரவல், மைய எல்லைத் தேற்றம் என்ற வரிசையில் போங்கள். ஒரே ஒரு நல்ல புத்தகத்தை எடுத்து அதன் பயிற்சிக் கணக்குகளைக் கடைசி வரை போடுவது, நான்கு புத்தகங்களின் முதல் அத்தியாயங்களைப் படிப்பதைவிட மேல். இரட்டைத் தொகையிடலில் எல்லைகளை மாற்றுவதும் ஜக்கோபியனும் கூட்டுப் பரவலில் ஓயாமல் வரும். லீனியர் அல்ஜீப்ராவில் வீச்சு, தரம், ஐகன் மதிப்பு, நேர்ம வரையறை அணி இவற்றைத் தூசு தட்டி வையுங்கள். தொடர்புப்போக்கு (ரிக்ரெஷன்) முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. குழுக் கோட்பாட்டையும் வளையங்களையும் இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடலாம்.

வீட்டில் இடமில்லாதவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கணினி விஷயத்தில் 'ஆர்' என்ற இலவச மென்பொருளை நிறுவி, சராசரி எடுப்பது, வரைபடம் போடுவது வரை பழகினால் இப்போதைக்குப் போதும். பணம் கட்டிச் சேரும் மூன்று மாதச் சான்றிதழ் வகுப்புகள் தேவையில்லை. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நிகழ்தகவு, புள்ளியியல் விரிவுரைகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

இதோடு ஏதாவது ஒரு தரவை நீங்களே திரட்டுங்கள். இது என் பிடிவாதம். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையின் மல்லிகை விலை செய்தித்தாளில் வருகிறது. தினமும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரு வாரம் கிலோ 400, 450, 400, 500, 450, 2000, 1800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சராசரி சுமார் 857. அந்த விலைக்கு அந்த வாரம் ஒருநாள்கூடப் பூ விற்கவில்லை. இடைநிலை 450. அதுவோ முகூர்த்தம் என்று ஒன்று வந்ததையே மறைத்துவிடுகிறது. வியாபாரியிடம் கேட்டால் இரண்டும் வேண்டாம், முகூர்த்த நாளையும் மற்ற நாளையும் பிரித்து எழுது என்பார். தொடர்புப்போக்கில் மாறியைச் சேர்ப்பது என்று நீங்கள் பிறகு படிக்கப்போவது அதைத்தான். இன்னொன்று: நேற்றைய விலை இன்றைய விலையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். சார்பற்றவை என்ற அனுமானம் அங்கேயே உடைகிறது. திட்டவிலக்கத்தை √n ஆல் வகுத்துப் பிழையைச் சொன்னால் உண்மையைவிடச் சிறிதாகச் சொல்லியிருப்பீர்கள். ஒரு மாதம் நோட்டு எழுதியவருக்கு இது மறக்காது.

எங்கே விண்ணப்பிப்பது

முதலில் உள்ளூர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் நகரத்துத் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் அந்த ஆண்டு என்ன பட்டம் நடக்கிறது என்று நேரில் போய் விசாரியுங்கள். பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நிகழ்தகவு, அனுமானம் (இன்ஃபரன்ஸ்), நேரியல் மாதிரிகள், கூறெடுத்தல், சோதனை வடிவமைப்பு, பன்மாறிப் பகுப்பாய்வு ஆகிய ஆறும் அதில் இருந்தால் பெயர் என்னவாக இருந்தாலும் அது புள்ளியியல் படிப்பு. இவற்றில் மூன்று இல்லாமல் 'அனலிட்டிக்ஸ்' என்று பெயர் இருந்தால் விலகிவிடுங்கள்.

மாநிலத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி, அண்ணாமலை, பாரதியார், பெரியார், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்கள் எனப் புள்ளியியல் துறைகள் உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி பக்கம். கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஆபேல் பரிசு பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் படித்தவர் என்பதை வீட்டில் யாராவது 'அதெல்லாம் ஒரு பாடமா?' என்று கேட்டால் சொல்லலாம். மருத்துவப் பக்கம் நாட்டமிருந்தால் வேலூர் சி.எம்.சி.யில் உயிரிப்புள்ளியியல் முதுகலை இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவின் தொலைநிலைப் படிப்பாகப் பயன்பாட்டுப் புள்ளியியல் எம்.எஸ்ஸி. உண்டு. தனியாகப் படிக்கும் ஒழுக்கம் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

ஐ.ஐ.டி.க்கு ஜாம் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். முதல் பிரிவில் 30 வினாக்களுக்கு மட்டும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாகும் 10 வினாக்களிலும், எண்ணை விடையாகத் தரும் 20 வினாக்களிலும் குறைப்பு இல்லை. ஆகவே குறைப்பு இல்லாத இந்த 10, 20 வினாக்களில் ஒன்றையும் வெறுமையாக விட்டு வராதீர்கள். கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்கு ஒரு தாள் என்று தனித்தனி. அண்மை ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளின் வெவ்வேறு வேளைகளில் நடந்திருப்பதால் கணித மாணவர்கள் இரண்டையும் எழுதலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யின் எம்.எஸ்ஸி. புள்ளியியலுக்குக் கணிதப் புள்ளியியல் தாள்தான் வழி.

மகலனோபிஸ் 1931-ல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். தேர்வு வேறு ரகம். அங்கே விரிவாக எழுதும் வினாக்கள்தான் ஆளை எடைபோடும். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன. ஒரு வினாவுக்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் பரவாயில்லை என்ற மனநிலையோடு உட்காருங்கள். நிகழ்தகவை மனப்பாடமாகப் படித்தவர்களை அது அரை மணியில் அடையாளம் கண்டுவிடும். பாண்டிச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுகலைத் தேர்வு.

சான்றிதழ்களை அக்டோபருக்குள் தயார் செய்யுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் தேர்வில் தோற்பதைவிட இதில் இடறுவது அதிகம். பி.சி., எம்.பி.சி. என்று தாசில்தார் அலுவலகம் தந்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி. என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். அது குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று விண்ணப்பக் குறிப்பில் இருக்கும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். அடுத்தது இன்ஷியல். விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், ஆதார் உட்பட.

சேர்ந்த பிறகு

முதல் பருவத்தில் அளவைக் கோட்பாடும் (மெஷர் தியரி) நிகழ்தகவும் வரும்போது ரியல் அனாலிசிஸ் படித்த நீங்கள்தான் வகுப்பில் ராஜா. அந்த மிதப்பில் கூறெடுத்தல் பாடத்தை இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். சூத்திரம் சுலபமாகத் தெரியும், விஷயம் சுலபமில்லை. வாடிப்பட்டிப் பக்கம் நெல் விளைச்சலைக் கணிக்கப் பயிர் அறுவடைச் சோதனை நடத்துகிறார்கள். எந்த ஊர், எந்தச் சர்வே எண், வயலில் குறித்த மூலையிலிருந்து எத்தனை அடி நடந்து எங்கே சதுரம் கட்டுவது என்பதையெல்லாம் சமவாய்ப்பு எண்தான் சொல்லும். நெல்லுக்குப் பொதுவாக 5 மீட்டருக்கு 5 மீட்டர். கயிறு விழுந்த இடத்தில் கதிர் சாய்ந்து கிடந்தாலும், பத்தடி தள்ளி அமோகமாக விளைந்திருந்தாலும், கயிற்றை நகர்த்தக்கூடாது. நகர்த்தினால் விளைச்சல் மதிப்பீடு எவ்வளவு கோணும் என்பதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள், பாடம் பிடித்துவிடும்.

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு 21 வயதிலிருந்து 30 வயது வரை எழுதலாம், இட ஒதுக்கீட்டுக்கு ஏற்ப வயதுத் தளர்வு உண்டு. அதில் நான்கு புள்ளியியல் தாள்கள், இரண்டு கொள்குறி, இரண்டு விரிவாக எழுதுவது. மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் பணி வருகிறது. கல்லூரி ஆசிரியராக நினைப்பவர்களுக்கு நெட் என்ற தகுதித் தேர்வு உண்டு, சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் கணித அறிவியல் தாளில் புள்ளியியலும் சேர்ந்தே வரும். அங்கே உங்கள் பழைய கணிதம் கைகொடுக்கும். பி.எஸ்ஸி. நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான்காம் பருவத்து ஆய்வேட்டுக்குப் பலரும் இணையத்தில் கிடைக்கும் பூவிதழ்த் தரவையோ அமெரிக்க வீட்டு விலைத் தரவையோ எடுத்துக்கொள்கிறார்கள். மதுரையில் மருத்துவமனைகள் இருக்கின்றன, நூற்பாலைகள் இருக்கின்றன, 1999-ல் மாநிலத்திலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை இருக்கிறது. உழவர் சந்தை விலைப்பலகையைக் குறித்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மருத்துவமனைத் தரவு என்றால் நோயாளிகளின் பெயரில்லாமல்தான் தருவார்கள், அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், குழு கூடுவதற்கே மாதங்கள் ஆகும். வழிகாட்டும் பேராசிரியரின் கையெழுத்தோடு கடிதத்தை மூன்றாம் பருவம் தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.